சுண்ணாம்பு அம்பு

தன்மேல் புகார்க் கடிதம் எழுதியவள் இருபதடி முன்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தாள். பௌலோஸ் மாஷ் அவள் முதுகைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திருச்சூர் புலரி ஓட்டக் குழுவுக்கு எட்டு வருஷமாக அவர்தான் கேப்டன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராகக் கத்திய வாய், ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. குண்டானவர்கள் அவருக்கு அரிசி மூட்டை, மெதுவாக ஓடுகிறவர்கள் சவ ஊர்வலம். எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

போன திங்கட்கிழமை குழுத் தலைவர் அச்சுதன் வக்கீல் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"மாஷே, உங்க வாயைப் பத்திப் புகார் வந்திருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை கமிட்டி முடிவு சொல்லும். கேப்டனா நீங்க இருப்பீங்களா மாட்டீங்களாங்கிறது அன்னைக்குத் தெரியும்."

"யாரு எழுதினது?"

"பேரைச் சொல்லக் கூடாது. நம்ம விதி அது."

பேர் எதற்கு? புதன்கிழமை சாயங்காலம் வக்கீல் வீட்டு வாசலில் ஷிஜியின் ஸ்கூட்டர் நின்றதை அவரே பார்த்தார். வெளியே வந்தவள் இவரைக் கண்டதும் வெலவெலத்துப்போய் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பறந்துவிட்டாள். குழுவில் சேர்ந்த முதல் நாளே எல்லோர் முன்னாலும் அவர் எருமை என்று திட்டி அழவைத்த பெண். வேறு யார் எழுதியிருப்பார்கள்?

புலரியில் வாரம் ஒரு புதுப் பாதை. முன்னால் ஓடுகிறவர் வழி பிரியும் இடங்களில் சுண்ணாம்புப் பொடியால் அம்புக்குறி போட்டுக்கொண்டே போவார். எல்லோருக்கும் கடைசியில் வருகிறவருக்கு வால் என்று பேர். கடைசி ஆளையும் முன்னால் விட்டு, அம்புகளைக் காலால் அழித்துக்கொண்டு வருவது வாலின் வேலை.

ஞாயிற்றுக்கிழமையான இன்றைக்கு வாலாக வருகிறேன் என்று மாஷே கேட்டு வாங்கிக்கொண்டார். "கேப்டனே வாலா! மாஷ் திருந்திட்டாரு டோய்" என்று பின்னால் யாரோ சொன்னதுகூடக் காதில் விழுந்தது.

வயல்களுக்கு நடுவே போகும் கரைச் சாலையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். ஷிஜி வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

"மாஷே, வக்கீல் சார் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரு, சொன்னாரு."

"கவலைப்படாதீங்க மாஷே." மெல்லச் சிரித்தாள்.

மாஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்வதையும் செய்துவிட்டு நக்கல் வேறு.

"நீ மெதுவா வா. முன்னாடி வழி எப்படி இருக்குன்னு பாத்துட்டு நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டி ஓடினார்.

மதகுக்குப் பக்கத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அம்பு இடது பக்கம் காட்டியது. வலது பக்கம்தான் அகலமான சாலை, தெரியாதவர்கள் அதில்தான் போவார்கள். அது வாத்துப் பட்டிக்குப் போகும் வழி. இறைச்சிக் கழிவைக் கொட்டுகிற அந்த இடத்தில் ஏழெட்டு நாய்கள் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஷிஜி இன்னும் நாணல் புதருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். மாஷ் அம்பைத் தரை கழுவுவதுபோல் சுத்தமாகத் தேய்த்து அழித்தார். வலது பக்கம் பொய்யாக ஒரு அம்பு போட அவருக்கு மனசு வரவில்லை. அந்த அளவுக்கு நல்லவர்.

மாஷ் இடது பக்கமாக ஓடி வந்து சேர்ந்தபோது, ஓட்டம் முடியும் டீக்கடையில் எல்லோரும் பழம்பொரியைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். வால் வந்துவிட்டால் எல்லோரும் வந்துவிட்டதாகத்தான் கணக்கு. அதனால் யாரும் தலையை எண்ணவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து வக்கீலுக்கு போன் வந்த பிறகுதான் ஷிஜி இல்லை என்பதே தெரிந்தது.

வாத்து மேய்க்கிறவர் பார்த்துத் தூக்கியிருக்கிறார். நாய்களுக்குப் பயந்து ஓடி, கரையிலிருந்து கருங்கல்லில் விழுந்திருக்கிறாள். நாலு நாய் குரைத்ததும் அழுதுகொண்டு திரும்பி வருவாள், ஊரே சிரிக்கும் என்று மட்டும்தான் மாஷ் நினைத்திருந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வக்கீல் அறையைவிட்டு வெளியே வந்தார்.

"முழங்கால் சில்லு நொறுங்கிடுச்சாம். கையெல்லாம் கடி. இனிமே ஓட முடியாதுன்னு டாக்டர் சொல்றாரு. வால் நீங்க, அவளுக்கு முன்னாடி எப்படி மாஷே வந்தீங்க?"

"வயிறு சரியில்லைன்னு ஒதுங்கினேன் வக்கீலே. அவ முன்னால போயிட்டான்னு நெனச்சு அம்பை அழிச்சுட்டேன். நான் பின்னாலதான் வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அவ? கவனமே கிடையாது."

வக்கீல் நம்பிவிட்டார். மாஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் பதவி ஞாபகமும் வந்தது.

"அப்புறம், கமிட்டி முடிவு என்னாச்சு?"

"இப்பவா கேக்கறீங்க?" வக்கீல் பெருமூச்சு விட்டார். "நீங்களே கேப்டனா இருங்க. புகார் எழுதினது பதினோரு பேர் மாஷே. உங்களைத் தூக்கறதாத்தான் இருந்தோம். 'மாடிப்படி ஏற முடியாத என்னை ஓட வெச்சவர் மாஷ், அவரை விட்டுடாதீங்க'ன்னு ஒரே ஒரு கடிதம் வந்துச்சு. அதைப் படிச்சதும் எல்லாரும் மனசு மாறிட்டாங்க."

மாஷுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தன் அருமை தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரே!

"யாரு வக்கீலே அது?"

வக்கீல் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"பேரைச் சொல்லக் கூடாதுதான். உள்ள படுத்திருக்கா."