கூட ஓடுற ஆளு

“கல்யாணப் புடவை எடுக்க வந்தவங்க அரக்கு கலர் கேட்டாங்க. நீங்க என்னா எடுத்துப் போட்டீங்க? வேட்டி!”

கஸ்டமர் படி இறங்கியதுமே ஜெயப்ரியா பிடித்துக்கொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் சரவணன் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து, கையிலிருந்த வீடியோ கேமை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தார்.

கல்யாணமான புதிதில் அது செங்கல் அடுக்குகிற கறுப்பு வெள்ளை டப்பா. மூத்தவள் பிறந்தபோது, ரெண்டு ஸ்க்ரீன் வைத்து பர்ஸ் மாதிரி மடக்குகிற மாடல். இப்போது அகலமான கலர் ஸ்க்ரீன், ரெண்டு பக்கமும் திருகுகிற குச்சி, போதாததற்கு நெட்டில் எவனோடோ சேர்ந்து ஆடும் வசதி. அதுவும் வளர்ந்தது, பிள்ளைகளும் வளர்ந்தார்கள். இந்தப் பட்டுக்கடை முதலாளி மட்டும்தான் வளரவில்லை.

“யார்கூட ஆடினுகிறீங்க?”

“யாரோ. ‘டைகர்’னு பேரு. எந்த ஊர்க்காரனோ...” பேசிக்கொண்டே பதறி எழுந்தார். “ஐயோ, குழியில வுழுந்துட்டான்! இரு, தூக்கி வுட்டுட்டு வர்றேன்.”

இவரைக் கண்டிக்க ஊரில் ஒரே ஆள்தான் உண்டு. எதிர்க்கடை ராமதாஸ். ஒண்ணாம் வகுப்பிலிருந்து சிநேகிதம். ஆனால் அவர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் சரவணன் பேரைப் போட மறந்துவிட்டார். கோபத்தில் இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. ஷட்டரை இறக்கும்போதுகூட ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டித்தான் நிற்பார்கள்.

வேறு வழியில்லாமல் ஜெயப்ரியா ரோட்டைத் தாண்டினாள்.

அவளைப் பார்த்ததும் ராமதாஸ் கையிலிருந்த எதையோ அவசரமாகப் புடவைக் குவியலுக்கு அடியில் தள்ளினார்.

புடவை ‘டொய்ங்’ என்றது.

“அண்ணா... நீங்களுமா?”

ராமதாஸ் தலையைச் சொறிந்தார். “உன் வீட்டுக்காரன்கூடத்தாம்மா ஆடினுகிறேன். அங்க அவன் எழுந்து புடவை விரிச்சா, இங்க எங்கூட ஓடுற ஆளு அப்படியே நின்னுடறான். அத வெச்சித்தான் கண்டுபுடிச்சேன்.”

“அப்ப டைகரு...”

“நான்தான். ஆனா அவனாண்ட சொல்லிடாதம்மா, பேஜாராயிடும். தெரிஞ்சா மூஞ்சியத் திருப்பிக்குவான். குழியில வுழுந்தா என்னைத் தூக்கி வுடறது அவன் ஒருத்தன்தான்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். சரவணன் கடைப் படியிலேயே காத்திருந்தார்.

“இன்னா, டைகரப் பாத்துட்டியா?”

ஜெயப்ரியா திருதிருவென்று முழித்தாள்.

“அங்க அவனுக்கு டீ வந்தா, இங்க டைகர் ஓடாம நிக்கிறான். எனக்குத் தெரியாதா?” குரலைத் தாழ்த்தினார். “எனக்குத் தெரியும்னு மட்டும் அவனாண்ட சொல்லிடாத ஜெயா. ரோஷக்காரன். அப்புறம் ஆட வரமாட்டான்.”