இழுத்துப் பேசாதே

“என்னாடி ‘வாங்கோ’? ஏன் இப்படி இழுக்குற? ‘வாங்க’ன்னு வெடுக்குன்னு சொல்லு!”

இட்லிக் கடையில் அத்தனை பேர் முன்னால் கடைக்காரி சூசைமேரி கத்தியதும் வனிதாவின் முகம் சுண்டிப்போனது. சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவர் சிரித்தார்கள்.

வனிதா கீரனூருக்கு வந்து இருபது நாள்தான். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வீட்டுக்குத் தெரியாமல் பிரவீன்குமாரைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தவள். இங்கே இருவருக்கும் தெரிந்தவர் என்று ஒரு ஈ காக்கை கிடையாது. அதனால்தான் இந்த ஊர். அவன் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தான், இவள் இந்தக் கடையில். சொந்த ஊர் தஞ்சாவூர் என்று புளுகியிருந்தாள்.

சூசைமேரி ஊரைத் துருவவில்லை. பேச்சைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“‘வர்றனுங்’ இல்லடி, ‘வாரேங்க’. எங்க, இன்னொருக்கா சொல்லு!”

பத்துத் தடவை சொல்ல வைப்பாள். வனிதா புருஷனிடம் சொல்லி அழுதாள்.

“பேசறதைக்கூடவா கேலி பண்ணுவாங்க? எனக்கு அந்த வேலையே வேண்டாம்.”

மறுநாள் மத்தியானம் கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

“ஏனுங்க்கா, டீ கெடைக்குமுங்களா?”

அடுப்படியில் மாவு கரைத்துக்கொண்டிருந்த வனிதா சுவரோரம் ஒண்டிக்கொண்டாள். அவள் ஊர்ப் பேச்சு! அண்ணன் அனுப்பிய ஆட்கள்தான். அடுப்படிக்குப் பின்வாசலும் கிடையாது.

“புதுசா கண்ணாலம் பண்ணுன ஜோடி ஏதாச்சு இங்க வந்துச்சுங்களா?”

“அப்படி யாரும் வரலையேங்க.”

“உள்ள யாருங்?”

“என் அண்ணன் மக. பொம்பளைக பொழங்குற எடம், அங்கிட்டே நில்லுங்க.”

“வாயத் தொறக்கட்டும், தெரிஞ்சுரும்” என்று ஒருவன் முணுமுணுத்தது வனிதாவின் காதில் விழுந்தது. பிறகு சத்தமாகக் கூப்பிட்டான்.

“ஏம்மிணி, கொஞ்சம் தண்ணி குடு சாமி!”

ஊர்க் குரல் கேட்டதும் நாக்கும் அந்தப் பக்கமே ஓடப் பார்த்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“தண்ணி அங்கிட்டுத்தான் கொடத்துல இருக்கு, மோந்து குடிச்சுக்கங்க! கையெல்லாம் மாவு, நான் எப்படி வாரது?”

வெளியே ஒருவன் மற்றவனிடம் சொன்னது கேட்டது.

“இது இந்த ஊருப் புள்ளைதானுங். வாங், போலாம்.”

கார் கிளம்பிப் போனது. உள்ளே வந்த சூசைமேரியின் கையை வனிதா பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்க்கா?”

“நீ வாயத் தொறந்த அன்னிக்கே தெரியும்.”

“அதுக்குத்தான் இப்படிப் பேசப் பழக்குனீங்களா? நான் யாரோ எவளோ, எனக்காக எதுக்குங்க்கா?”

சூசைமேரி எரிகிற அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

“எம் மகளும் ஒன்னைய மாதிரி ஓடிப்போனவதான். திரும்பக் கூட்டியாந்த பத்தாம் நாள் பொதச்சோம். திருப்பூர்ல ஒரு தெருவுல ஒளிஞ்சிருந்தா. எந்த வீடுன்னு தெரியாம எங்காளுக முழிச்சுக்கிட்டு நின்னப்ப, சன்னலுக்கு உள்ள கேட்ட எங்க ஊருப் பேச்சை வச்சு, ‘இந்த வீடுதான்’னு கை காட்டுனவ நான்தான்டி.”