ஒட்டி நின்ற கார்

பல் டாக்டரின் தலையும் தோளும் காருக்குள் போய்விட்டன. தொந்திதான் டிக்கி வாசலில் மாட்டிக்கொண்டது.

"யாராவது காலைப் பிடிச்சு ஒரு தள்ளு தள்ளுங்கய்யா!"

பால் வாங்கிக்கொண்டு வந்த குடியிருப்பு செக்ரட்டரி, பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தள்ளினார். டாக்டர் பின் சீட்டில் குப்புற விழுந்து, அங்கிருந்து தவழ்ந்து முன் சீட்டுக்குப் போனார். வெள்ளைக் கோட்டில் ஒரு பட்டனைக் காணோம்.

"கதவு வழியா ஏறலாமே டாக்டர்?"

"எந்தக் கதவு? இந்தப் பக்கம் சுவர். அந்தப் பக்கம் நீங்களே பாருங்க!"

அந்தப் பக்கம் ஸ்டியரிங் சாரின் பழைய கார் நின்றது. நடுவில் கை நுழைய இடமில்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஓய்வு பெற்றவர் என்பதால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் ஸ்டியரிங் சார்.

தினமும் இதே கூத்துதான். டாக்டர் சாயங்காலம் காரை நிறுத்திவிட்டு மாடி ஏறும்வரை காத்திருந்து, தன் காரைக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்துவார் மனிதர். காலையில் கூப்பிட்டால் வந்து எடுப்பார். அவர் வாக்கிங் போய்விட்டால் டாக்டருக்கு டிக்கிதான் கதி.

"எல்லாம் வயித்தெரிச்சல்" என்றார் டாக்டர். "நான் அலாய் வீல் மாட்டின நாள்லேர்ந்துதான் இந்த வேலை."

நாள் கணக்கு என்னவோ சரிதான். அந்தச் சக்கரங்கள் டாக்டருக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தரையில் உட்கார்ந்து இடுக்கு இடுக்காக டூத் பிரஷ்ஷால் தேய்ப்பார். திருடு போகக் கூடாது என்று, தனிச் சாவி இல்லாமல் கழற்ற முடியாத பூட்டு நட்டு வாங்கி ஒவ்வொரு சக்கரத்திலும் போட்டிருந்தார். சாவி கிளினிக்கில், பல் பிடுங்கும் குறடுகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தது.

அக்கா வீட்டுக்குப் போயிருந்த மனைவியிடம் போனில் புலம்பினார்.

"வயசானவர், விடுங்க. நாளைக்குக் காலையில வந்துடுவேன். நான் பேசிக்கிறேன்."

"நீ எப்பவும் அந்த ஆள் கட்சிதான்!"

அன்று சாயங்காலமே கூட்டம் போடவைத்தார் டாக்டர்.

"சார், வாசல் பக்கம் ஒரு இடம் காலியா இருக்கு. உங்க வண்டியை அங்க மாத்திடுங்களேன்" என்றார் செக்ரட்டரி.

ஸ்டியரிங் சார் தலையைச் சொறிந்தார். "மாத்திக்கிறேன். நாளைக்கு டாக்டரோட வீட்டம்மா வந்துடட்டுமே."

"என் கார் கதவைத் திறக்க என் பொண்டாட்டி எதுக்கு வரணும்?"

கூட்டம் சிரித்தது.

"ஒரே ஒரு ராத்திரிதானே டாக்டர்?" என்றார் ஸ்டியரிங் சார்.

"ஒரு நிமிஷம்கூட முடியாது! வண்டியை ஒழுங்கா நிறுத்தத் தெரியல, இவர் ஊருக்கே ஓட்டச் சொல்லிக் கொடுத்தாராம்! இவர்கிட்ட கத்துக்கிட்டவங்கள்லாம் எவன் மேல ஏத்திக்கிட்டுத் திரியறாங்களோ!"

மறுபடியும் சிரிப்பு. பாவம், ஸ்டியரிங் சாரின் முகம் சுருங்கிவிட்டது. எழுந்துபோய் காரை வாசல் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்.

மறுநாள் காலை டாக்டர் விசிலடித்துக்கொண்டே இறங்கி வந்தார். கார் ஏதோ ஒரு மாதிரி நிற்பதாகப் பட்டது. குனிந்து பார்த்தார்.

வலப்பக்கச் சக்கரம் இரண்டும் இல்லை. அந்த இடத்தில் செங்கல் அடுக்கி வைத்திருந்தது. பூட்டு நட்டு இரண்டும் பிடுங்கிய கடைவாய்ப் பல் மாதிரி தரையில் கிடந்தன.

"ஐயோ, பழி வாங்கிட்டாருய்யா! எல்லாம் அந்த ஸ்டியரிங் வேலைதான்! கூப்பிடுங்க போலீஸை!"

கத்தல் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். ஸ்டியரிங் சாரும் வந்தார். அதே நேரம் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. பெட்டியோடு இறங்கிய டாக்டரின் மனைவி, செங்கல்லைப் பார்த்தார். நேராக ஸ்டியரிங் சாரிடம் போனார்.

"ஏண்ணா வண்டியை எடுத்தீங்க? நான் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?"

"கேட்டுப் பார்த்தேன்மா. டாக்டர் விடலை."

"இங்க என்னதான் நடக்குது?" என்றார் டாக்டர்.

"பின்னாடித் தெருவுல வரிசையா கார் சக்கரம் திருடு போகுதுங்க. சுவர் பக்கம் இருக்கிற ரெண்டையும் பாருங்க, அப்படியே இருக்கு. உட்கார்ந்து கழட்ட இடம் இல்ல. இந்தப் பக்கமும் எவனும் உட்கார முடியாதபடி ஒட்டி நிறுத்துங்கண்ணான்னு கெஞ்சிக் கேட்டதே நான்தான்."

"அதை எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொல்லிட்டு? பழைய காருல சைடு கண்ணாடியை எவனோ கழட்டிட்டுப் போனதுக்கே பிரஷர் எகிறி ஆஸ்பத்திரியில கிடந்தீங்க. இது தெரிஞ்சா தூங்குவீங்களா? அதான் உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அண்ணாகிட்ட சத்தியம் வாங்கினேன்."

ஊராரை வாய் திறக்கச் சொல்லியே பழகிய டாக்டர், தன் வாயை மூட மறந்து நின்றார். சக்கரம் போனதைவிட நேற்றைய கூட்டம்தான் இப்போது அவரை உறுத்தியது.

"சார்... அத்தனை பேர் முன்னாடி அவ்வளவு கேவலமா பேசினேனே. அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

ஸ்டியரிங் சார் சிரித்தார்.

"வண்டி பழகுறவங்க பக்கத்து சீட்ல உட்கார்ந்தே ஆயுசைக் கழிச்சவன் டாக்டர் நான். அதுக்கே எனக்கு பிரஷர் வரலை. உங்க திட்டுக்கா வந்துடப் போகுது?"