மீதி எழுபது நிமிடம்

ஃபைனலைஸ் என்றால் என்ன என்று செபமாலையம்மாள் கேட்டார். வாயால் சொல்லியிருக்கலாம். நான் செய்தே காட்டினேன், அதுவும் அவருடைய டிஸ்கிலேயே.

நிச்சயமா என்று மிஷின் இரண்டு தடவை கேட்டது. இருபது வருஷமாக ரிப்பேர் கடை வைத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா? இரண்டு தடவையும் ஆமாம் என்று அமுக்கினேன்.

அவர் மகள் ஷீனா குவைத்திலிருந்து அனுப்பிய டிவிடி ரெக்கார்டர் அது. செல்போனில் படம் அனுப்புகிற வசதி எங்கள் மலைக்கு இன்னும் ஏறி வராத வருஷம். கூட வந்த புத்தகம் பாதி இங்கிலீஷ், பாதி அரபி என்பதால், மிஷினை மடியில் வைத்துக்கொண்டு எஸ்டேட் ஜீப்பில் என்னிடம் வந்திருந்தார்.

"அப்ப இனிமே இதுல எதையும் ஏத்த முடியாதா தம்பி?"

"முடியாதுக்கா, டிஸ்கை மூடியாச்சு. ஆனா முன்னாடி இது உங்க மிஷின்ல மட்டுந்தான் ஓடியிருக்கும். இப்ப எந்த ஊரு மிஷின்லயும் ஓடும்."

"ஷீனா லீவுக்கு வந்தா எடுத்துட்டுப் போவா, அங்கயும் ஓடணுமேன்னுதான் கேட்டேன். அதைக் கடைசியிலல்ல செய்யணும்? இன்னும் எழுபது நிமிஷம் இடம் இருந்துச்சே!"

அவர் குரல் உடைந்ததும் அலமாரியிலிருந்து ஒரு புது டிஸ்கை எடுத்தேன். "அதுக்கென்னக்கா? புது டிஸ்க் ஒண்ணு சும்மாவே தாரேன். அடுத்த விசேஷத்தை அதுல எடுங்க."

"இல்ல தம்பி. ரெண்டும் ஒரே டிஸ்க்லதான் இருக்கணும். இது முடிஞ்ச உடனே அது வரணும்."

"அடுத்து என்ன விசேஷம்? ஷீனாவுக்குக் கல்யாணமா?"

"எஸ்பி, எல்பின்னு இருக்கே, அது என்ன?" என்றார் அவர்.

எஸ்பியில் படம் தெளிவாக இருக்கும், ஆனால் இரண்டு மணி நேரத்தில் டிஸ்க் நிறைந்துவிடும். எல்பியில் நாலு மணி நேரம் வரும், ஆனால் கொஞ்சம் மங்கும் என்று வாத்தியார் மாதிரி விளக்கினேன். என் பள்ளிக்கூட வாத்தியார் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

"மொகம் தெளிவாத் தெரியணும். எஸ்பியே இருக்கட்டும்" என்றார். "எல்லாத்தையும் வரிசையா ஒரு பேப்பர்ல எழுதித் தாங்க. எங்க அண்ணன் மகன் வினோதான் கேமராவுல எடுத்து, வயர் குத்தி இதுல ஏத்துவான். அவனுக்கு ஏத்தத் தெரியுது, மூடத் தெரியல."

"மூடுறது ஒரு பட்டன்தானே. நீங்களே அமுக்கலாமே?"

"அன்னைக்கு என்னால முடியாது தம்பி."

கல்யாண வீட்டுத் தாய்க்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது. ரொம்பப் புரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

அப்போது அவருடைய போன் அடித்தது.

"ஷீனாவா? சொல்லும்மா… அப்பாவா? ஏலக்காட்டுக்குப் போயிருக்காருடி. அங்க ஏது ரேஞ்ச்? … ஆமாமா, மருந்தெல்லாம் ஒழுங்காச் சாப்பிடுதாரு. கொழப்பம் ஒண்ணும் இல்ல. நீ நேரத்துக்குச் சாப்பிடு."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். மலைக் குளிர் யாரை விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் செய்த வேலைக்கு ஒரே ஒரு பரிகாரம் இருந்தது. மூடிய டிஸ்கை என் பிளேயரில் ஓடவிட்டு, அவருடைய ரெக்கார்டரில் புது டிஸ்க் போட்டுப் பதிந்தால் பழைய படம் அப்படியே வந்துவிடும். மீதி இடமும் திறந்தே கிடக்கும்.

"நெசமாவா தம்பி? அந்த இடம் திரும்பக் கிடைக்குமா?"

"ஒரு நிமிஷம் குறையாமக் கிடைக்கும். ஆனா படம் ஓடி முடியுற வரைக்கும் நீங்க இங்க உட்காரணும். என் மூஞ்சியைப் பார்த்துட்டு இருக்கிறதுதான் கஷ்டம்."

முதல் தடவையாகச் சிரித்தார். நான் வயரை மாட்டி இரண்டு மிஷினையும் ஓடவிட்டேன்.

டிவியில் சர்ச் வாசல் தெரிந்தது. பேண்டு செட், குடை பிடித்த பெருங்கூட்டம்.

"அடேங்கப்பா, பேண்டெல்லாம் வச்சு ஜமாய்ச்சிருக்கீங்க! யாரு கல்யாணம்? நம்மளக் கூப்பிடவே இல்லையே?"

கேமரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனது. நடுவில் ஒரு சவப்பெட்டி. அதன் தலைமாட்டில் செபமாலையம்மாள் நின்றிருந்தார்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்காக அடக்கத்தைப் படம் எடுத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

"இது… யாருக்கா?"

"அவருதான். ஷீனாவோட அப்பா. போயி நாப்பது நாளாச்சு."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஏலக்காட்டில் இருந்தவர் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

"அவகிட்ட சொல்லலியா?"

"சொன்னா மட்டும் வேலை பாக்குற எடத்துல விடுவாங்களா? மே மாசந்தான் லீவு. அங்க ஒத்தையில கெடந்து அழுவா."

"அப்ப மிச்ச இடத்துல என்னதான்க்கா எடுக்கப்போறீங்க?"

இந்தத் தடவை அவர் எந்தப் பட்டனைப் பற்றியும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"என் அடக்கத்தை. டாக்டரு கிறிஸ்துமஸ் தாண்டாதுன்னுட்டாரு தம்பி. ரெண்டு பேருக்கும் சேர்த்து, புள்ள ஒரே தடவையா அழுதுட்டுப் போவட்டும்."