வேண்டாத கணக்கு

"லேப்டாப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்தா வயிறு நிரம்பிடுமா? மணி மூணாகுது. எழுந்து சாப்பிடு!"

படியேறி வந்தவன் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். சாவி கையிலேயே இருந்தது. உள்ளே அம்மா அவன் மனைவியைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு நிமிஷம் அத்தை. இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்துடறேன்."

"காலையிலேர்ந்து இதே அஞ்சு நிமிஷம்தான்!"

அவன் மனைவி கம்பைலர் எழுதுகிறவள். யார் யாரோ பழக்கிவைத்த செயற்கை மூளையை ஒரு குட்டிச் சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றி, எது முன்னால், எது பின்னால் என்று அடுக்கிக் கொடுக்க வேண்டும். இந்தச் சிப்போ பதில் சொல்வதற்குள் கேட்டவர் எழுந்து போய்விடலாம், அவ்வளவு இழுவை. மாதக்கணக்கில் மல்லுக்கட்டியும் மசியவில்லை. "இன்னிக்கும் சரிவரலேன்னா ஆபீஸ்ல இந்த வேலையை இதோட மூடிடுவாங்களாம்" என்று காலையில் சிப்பை வீட்டுக்கே எடுத்துவந்து உட்கார்ந்திருந்தாள். அழாத குறை.

அவன் அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, அம்மா அவளைத் திட்டறாங்க."

"என்னடா சொல்றே? அம்மாவா?"

"வாசல்ல நின்னு கேட்டுட்டிருக்கேன்."

"உள்ள போடா மடையா!"

"கால் வரமாட்டேங்குது." போனைக் கதவோரம் பிடித்தான்.

"இத்தனை மாசம் இழுக்கற அளவுக்கு அப்படி என்னதான் தப்புப் பண்ணினே?" அம்மா விடுவதாக இல்லை.

"வேகம் வரணும்னு, வேண்டாத கணக்கையெல்லாம் தூக்கிப்போடற மாதிரி எழுதினேன். பூஜ்யமா இருந்ததெல்லாம் போயிடுச்சு. அப்புறம் பாத்தா, அதெல்லாம் பேச்சுக்கு நடுவுல மூச்சு வாங்கற இடம் அத்தை. இப்ப அதைத் திரும்ப வச்சு, அந்த இடைவெளியிலேயே மத்த கணக்கை முடிச்சுட்டேன்."

"பீரோ நிறையப் பழைய துணி. அதைத் தூக்கிப்போடத் தெரியல. இதைத் தூக்கிப்போட்டாளாம்!"

"இன்னும் திட்டுங்க அத்தை. நிறுத்தாதீங்க."

"திட்டு வாங்கக்கூட ஆசையா உனக்கு? உன் புருஷன் உனக்கு மேல. குடிச்ச டம்ளர் குடிச்ச இடத்துலயே கிடக்கு. வரட்டும், அவனுக்கும் இருக்கு!"

போனில் அக்கா விசும்புவது கேட்டது. "டேய்... எனக்கும் ரெண்டு திட்டு வாங்கிக் குடுடா."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தான்.

தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருஷமாகச் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த அம்மா, கழுத்தில் ஒட்டிய, தொண்டையசைவைப் படிக்கும் பட்டையோடு திரும்பி, அவனைப் பார்த்து விரலை ஆட்டினாள். "எங்கடா ஊர் சுத்திட்டு வர்றே?" என்று, அவள் உதட்டுக்குத் துளியும் பிந்தாமல், அவளுடைய பழைய குரலிலேயே கேட்டது மேசை மேலிருந்த சிப்.