தாத்தா ஓட்டிய சைக்கிள்

“மனித நாகரிகமே இரண்டு சக்கரத்தில்தான் உருண்டு வந்தது!” என்று வசந்தன் மைக்கில் முழங்க, பின்னால் காப்பி இயந்திரம் புஸ்ஸென்றது.

மலேசியாவின் குளுவாங் நகரில் அன்று அவனுடைய பழங்கால சைக்கிள் கடைக்கும் அதோடு சேர்ந்த காப்பிக் கடைக்கும் திறப்பு விழா. ‘பழைய இரும்புக் கடை’ என்று கேலி செய்த மாமனார் மூர்த்தியை எப்படியாவது அசத்திவிட வேண்டும்.

“இது எங்க தாத்தா ஓட்டுனது, மாமா. துருவைப் பாருங்க, அதான் சரித்திரம். தொட்டுடாதீங்க லா!” என்று நடுவில் நின்ற சைக்கிளைக் காட்டினான் வசந்தன்.

பூசாரி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

“சும்மா உருட்டுனா போதும் சாமி!” என்று வசந்தன் பதறினான்.

“ஏறி ஓட்டுனாத்தான் சாங்கியம், மாப்ள,” என்ற மாமனார், வெள்ளை வேட்டியோடு ஏறிப் பழத்தை நசுக்கிவிட்டு இறங்கினார். வேட்டியெங்கும் பழுப்புத் திட்டு.

“அலமாக்! முந்தாநாளே அடிச்சிடுங்கன்னு சொன்னேனே!” என்றாள் மனைவி லோஷினி.

நேற்று அடித்த துரு நிறப் பெயிண்ட் இன்னும் காயவில்லை.