காற்று நின்ற முகூர்த்தம்

பூங்கொத்தோடு தேவாலய வாசலில் ஒரு மணி நேரமாக நிற்கிறான் மாப்பிள்ளை ஸ்ட்ராட்டிஸ். மணப்பெண்ணைக் காணோம்.

தோழன் லெஃப்தேரிஸ் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"மாப்ளே, கல்யாணக் கவுன் கீழே கடலோரப் பாறையில கிடக்குது!"

ஸ்ட்ராட்டிஸுக்கு உயிரே போய்விட்டது. விழுந்தடித்துக்கொண்டு இறங்கினான்.

கழுத்தளவு தண்ணீரில், நாலைந்து வைக்கோல் தொப்பிகளுக்கு நடுவே, சிரித்துக்கொண்டு மிதந்தாள் மிர்சினி.

"என்னைக் கட்டிக்க இஷ்டமில்லையா?"

"யாரு சொன்னா? பன்னெண்டு நாளா அடிச்ச காத்து இப்பத்தான் நின்னிருக்கு. கடலைப் பாரு, கண்ணாடி மாதிரி! காத்து நின்னா கடல்ல இறங்காதவங்க நம்ம தீவுல உண்டா? மத்தியானம் மறுபடி கிளம்பிடும். கல்யாணத்தைச் சாயங்காலம் வச்சுக்கலாம், வாய்யா!"

"விளையாடுறியா? மேலே ஃபாதர் காத்துக்கிட்டிருப்பாரு. திட்டியே தீர்த்துடுவாரு!"

அவள் பக்கத்தில் மிதந்த தொப்பி ஒன்று மெல்லத் திரும்பியது. அதன் கீழே நனைந்த நரைத்தாடி.

"நான் எதுக்குடா திட்டப் போறேன்?" என்றார் ஃபாதர். "பூங்கொத்தைப் பாறை மேல பத்திரமா வச்சிட்டுக் குதி. சாயங்காலம் வேணும்."